எண்ணெய்க் குளியல் எடுத்த ஏர் ஃபில்டர்

ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். அதை எப்படியெல்லாம் பயன்படுத்தக் கூடாதோ அப்படியெல்லாம் பயன்படுத்திக் காட்டியவளும் நானேதான். இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம்கூட இல்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டர் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் தூசி ஊட்டுகிற வேலை என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபில்டரை மாட்டி, அளந்த தூசியைக் காற்றோடு உள்ளே விட்டு, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது என்று எடை போட்டு எழுத வேண்டும். (என் சொந்த ஊரான கல்லாவியில் அம்மா "பொண்ணு ஓசூர்ல இன்ஜினியர்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். தூசி விஷயம் ஊருக்குத் தெரியாது.)

எங்கள் கம்பெனி வெகுகாலமாகச் செய்வது காகித ஃபில்டர். மடிப்பு மடிப்பாக இருக்கும். தூசி நிறைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். அந்த வருஷம், காட்டுப் பாதையிலும் மலையிலும் ஓடுகிற ஜீப்புகளுக்கென்று, கழுவிக் கழுவி மாட்டக்கூடிய துணி ஃபில்டரையும் செய்து பார்த்தார்கள். கம்பி வலைக் கூட்டைச் சுற்றி மடிப்பு வைத்த பருத்தித் துணி, துணியில் லேசாக எண்ணெய். அந்த எண்ணெயில் தூசி ஒட்டிக்கொள்ளும். அதற்கான குறிப்புச் சீட்டைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏழு குறிப்புகள் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்மா" என்றார். அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சீட்டில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணமும் ஆனது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆரம்பித்த பழக்கம். கணவர் வீடு தேன்கனிக்கோட்டையிலிருந்து உள்ளே போகும் ஒரு காட்டோரக் கிராமம். வீட்டில் பேசுவது தெலுங்கு. என்னிடம் மட்டும் எல்லோரும் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள், விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போடுவதைப் போல. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து எப்போது தரையில் உட்காருவோம் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

மாமியார் பெயர் ரத்னம்மா. முதல் தடவை அவரைப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கி நிற்கிறோம். நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய டீசல் ஜீப், பின்னால் தக்காளிக் கூடைகளோடு, இரண்டு பஸ்களுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்து வந்து நின்றது. ஸ்டியரிங்கில் புடவையை இழுத்துச் செருகிய ஓர் அம்மா. "இதுதான் எங்கம்மா" என்றார் இவர். எனக்கு வாய் மூடவில்லை. எங்கள் குடும்பத்தில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டிய பெண் கிடையாது. அந்த அம்மா மாட்டிடம் தெலுங்கு பேசுவார், ஜீப்பிடம் கன்னடம் பேசுவார். மேட்டில் ஏறும்போது டேஷ்போர்டைத் தட்டி, "நடி தாயி, நடி" என்பார். அதுவும் நடக்கும்.

இப்படிப்பட்டவர் முன்னால் நாமும் ஒரு ஆள் என்று காட்ட வேண்டாமா? எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஃபில்டர்தான். மேலாளரிடம் கேட்டு, ஓரத்து ரப்பர் நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய துணி ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போனேன். வாசலில் ஜீப்பின் பானெட்டைத் திறந்து வைத்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். காகிதம் பழங்காலம், துணிதான் வருங்காலம், ஒரு முறை மாட்டினால் வண்டியின் ஆயுசுக்கும் போதும் என்றெல்லாம் பேசினேன். மாமியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பேப்பர்ல என்ன குறை அம்மாயி? நல்லாத்தானே ஓடுது" என்றார். (அம்மாயி என்றால் தெலுங்கில் பெண்ணே என்று அர்த்தம்.)

"அத கழுவ முடியாதுங்க அத்தை."

"எதுக்குக் கழுவணும்? ரொம்பிச்சுன்னா மாத்திக்கறோம்." பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "செரி, உன் கம்பெனி, உனக்குத் தெரியும். மாட்டு" என்று விட்டுவிட்டார்.

மாட்டினேன். கழற்றிய காகித ஃபில்டரை இனிமேல் யாருக்கு வேண்டும் என்று வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தும் விட்டேன். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு முதல் பூஜை. ஓசூர்க்காரர்களுக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு, திருஷ்டிப் பூசணி உடைத்துவிட்டுத்தான் லீவு விடுவார்கள். அந்த வேகம் உடம்பை விட்டு இறங்குவதற்குள் ஊருக்கு வந்துவிட்டேன். அங்கே மாமியார் அரிவாள், மண்வெட்டி, மோட்டார், ஸ்பேனர் என்று எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருப்பேனா? ஃபில்டரைக் கழற்றினேன்.

வாஷிங் பவுடர் போட்டு வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தேன். உள்ளே ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் பூஜைக்கு நேரமாகிவிட்டது. அடுத்தது எண்ணெய். அதற்கென்று கம்பெனி கொடுக்கும் சின்ன பாட்டில் ஓசூர் வீட்டில் இருந்தது. இங்கே சமையலறை அலமாரியில் விளக்கெண்ணெய் இருந்தது. கெட்டியான எண்ணெய், தூசியை இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று என் அறிவு சொன்னது. ஊற்றினேன். பாதி பாட்டில் காலியாகும்வரை ஊற்றினேன். பச்சைப் பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பார்களே, அந்த மாதிரி மடியில் வைத்து மடிப்பு மடிப்பாக நீவிவிட்டேன். கடைசியில் மடிப்புக்கு ஒன்றாகச் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். முடித்துவிட்டுப் பார்த்தால் அது ஃபில்டர் மாதிரியே இல்லை, புறப்பாட்டுக்குத் தயாரான சாமி மாதிரி இருந்தது. எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மறுநாள் இவர் ஷிஃப்டுக்கு ஓசூர் கிளம்பிவிட்டார். எனக்கு லீவு இருந்ததால் தங்கிவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் ஜீப் கிரானைட் டிப்பர்களுக்குப் பின்னால் வெள்ளைத் தூசியில் நாலைந்து நடை போய் வந்தது. கறுப்புப் புகை தள்ளியது. "இவளுக்கு மூச்சு முட்டுது அம்மாயி" என்றார் மாமியார். "எண்ணெய் செட் ஆகுதுங்க அத்தை" என்றேன். (அப்படி ஒரு விஷயமே உலகத்தில் கிடையாது.)

ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளாவுக்குத் தேர்வு. மஞ்சுளா என் நாத்தனார். நர்சிங் முடித்துவிட்டு அரசு வேலைக்காக எழுதுகிற தேர்வு, மூன்றாவது முறை. போன தடவை ஒரே ஒரு மார்க்கில் போனது. அதற்கப்புறம் ஒரு வருஷம், விடியற்காலை மாட்டுக் கொட்டகைக்கும் கையில் புத்தகத்தோடுதான் போனாள். மையம் ஓசூரில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஊருக்கு முதல் பஸ் வருவதே எட்டுக்கு என்பதால் மாமியார், மஞ்சுளா, நான் மூவரும் ஆறு மணிக்கே ஜீப்பில் கிளம்பினோம். மஞ்சுளா கஞ்சி போட்டுத் தேய்த்த சந்தன நிறப் பருத்தித் துப்பட்டா போட்டிருந்தாள். நான் புதுப்பெண் இல்லையா, கல்யாணத்துக்கு வந்த கிளிப்பச்சை ஜிகினாத் துப்பட்டா.

ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மேடு. பாதி ஏறும்போது ஜீப் இருமியது. "நடி தாயி" என்றார் மாமியார். தாய் நடக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் புகையில் வந்த வழியே தெரியவில்லை. இன்னொரு இருமல், அதோடு நின்றுவிட்டது.

நான் கதவைத் திறந்து கால் வைக்கப் போனேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அசையாத" என்றார், உதடு மட்டும் அசைய.

மேட்டின் முனையில், நாங்கள் இன்னும் பத்து நொடியில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில், யானைகள் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. ராத்திரியெல்லாம் ராகியை மேய்ந்துவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிற கூட்டம். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து ஐந்தில் விட்டுவிட்டேன். அவ்வளவு பெரிய உடம்புகள் நடக்கும்போது சத்தமே இல்லை. ராகித் தாள் உரசுவது மட்டும்தான் கேட்டது. கதிர் போன கொல்லைக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நிமிஷம் பயத்தையும் மீறி, இதைப் பார்க்க என்ன புண்ணியம் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

கடைசியாக வந்த பெரிய பெண் யானை போகவில்லை. பாதை நடுவிலேயே நின்று எங்களைப் பார்த்தது. பிறகு தும்பிக்கையால் செம்மண்ணை அள்ளி, ஊதி, முதுகில் போட்டுக்கொண்டது. மறுபடியும் அள்ளி மறுபடியும் ஊதியது. சோதனைக்கூடத்தில் நான் ஸ்பூன் கணக்கில் ஊட்டுகிற தூசியை அது கூடைக் கணக்கில் மூக்காலேயே எடுத்து விளையாடிக்கொண்டிருந்தது. ஃபில்டர் இல்லை, குறிப்புச் சீட்டும் இல்லை. என் படிப்பு, உத்தியோகம் எல்லாம் ஒரு மூக்குக்குமுன் சின்னதாகிப் போனதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது குளித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஓசூரிலிருந்து யாரையாவது கூப்பிடலாம் என்றால் அந்த மேட்டில் போனில் ஒரு கோடுகூட இல்லை. மஞ்சுளா கைக்குக் கிடைத்ததைப் படிக்கிற சுபாவம். டேஷ்போர்டு பெட்டிக்குள் கையை விட்டவள் ஒரு சீட்டை எடுத்தாள். பெருமைக்காக நானே அதில் வைத்திருந்த குறிப்புச் சீட்டு. யானைக்குக் கேட்காத குரலில் வாசிக்க ஆரம்பித்தாள்.

"எண் ஒன்று. குளிர்ந்த நீரில் மட்டும் அலசவும். எண் இரண்டு. தேய்க்கக் கூடாது. எண் மூன்று. நிழலில் ஒரு நாள் முழுவதும் உலர்த்தவும்." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எண் நாலு. உடன் தரப்பட்ட எண்ணெயை மடிப்புக்கு ஒரு கோடு மட்டும் விடவும். வேறு எந்த எண்ணெயும் எக்காரணம் கொண்டும் கூடாது."

யானை ஒரு முறை காதை ஆட்டியது.

"அண்ணி, இத யாரு எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மேலே படித்தாள். "எண் ஏழு. முறையாகப் பராமரிக்க இயலாதவர்கள் காகித ஃபில்டரையே பயன்படுத்தவும்."

மாமியார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

யானை போனதும் பானெட்டைத் திறந்தோம். ஃபில்டர் டப்பாவுக்குள் நான் அலங்காரம் செய்த சாமி கருகருவென்று உட்கார்ந்திருந்தது. விளக்கெண்ணெயும் கல்தூசியும் சந்தனமும் சேர்ந்து கிளறிய களி. கத்தியால் வெட்டி உருட்டலாம். காற்று போக ஓர் ஊசித்துளை இல்லை. மணி ஏழே கால்.

"இத எடுத்துப் போட்டுட்டு சும்மாவே ஓட்டிப் போலாம்" என்றார் மாமியார். "பொண்ணு பரீட்சைக்குப் போவணும்."

இந்தப் பாதையிலும் கிரானைட் ரோட்டிலும் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் அந்தத் தூசி எஞ்சினுக்குள் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிற வேலை. உப்புத்தாள் வைத்து உள்ளே தேய்த்ததுபோல் ஆகும். மாமியார் தாயி என்று கூப்பிடுகிற வண்டி அது, இரண்டு ஏக்கர் தக்காளியும் அதை நம்பித்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் மஞ்சுளாவின் ஒரு வருஷம். இரண்டையும் ஒரே பாட்டில் எண்ணெயில் கவிழ்த்தவள் நான். அடுப்பில் எரித்த காகித ஃபில்டர் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வேணாங்க அத்தை" என்றேன். "சும்மா ஓட்டினா வண்டி போயிடும். மெல்லிசா பருத்தித் துணி ஏதாவது வேணும். காத்து போவணும், தூசி போவக் கூடாது."

முதலில் என் துப்பட்டாவைத்தான் உருவினேன். அது நைலான். வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் கன்னம்தான் உப்பியது. மஞ்சுளா கழுத்திலிருந்து தன் துப்பட்டாவை எடுத்து என் கையில் வைத்தாள். என்னுடையதை வாங்கித் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

மாமியார் ஜீப்பில் கிடந்த கதிர் அரிவாளால் களிபிடித்த துணியை அறுத்து எறிந்தார். நான் கம்பி வலைக் கூட்டை வழித்துத் துடைத்து, துப்பட்டாவை இரண்டு சுற்று இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினேன். உள்ளே ஒரு நூல் போனாலும் ஆபத்து என்பதால் மூன்று முறை தடவிப் பார்த்தேன். டப்பாவை மூடினோம். மாமியார் சாவியைத் திருப்பினார். ஜீப் இருமி, தும்மி, பிறகு எதுவும் நடக்காததுபோல் பாட ஆரம்பித்தது.

அதன் பிறகு அந்த அம்மா ஓட்டியதைச் சொல்ல எனக்குப் பாஷை போதாது. தேன்கனிக்கோட்டையில் இறங்கிப் பஸ் பிடிக்க நேரமில்லை, நேராக ஓசூர் போனோம். டிப்பரைக் கண்டால், துணியில் தூசி ஏறக் கூடாது என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்காக விலகியே வருவார். ரோடு கொஞ்சம் அகலமானதும் ஒரே மூச்சில் அதைத் தாண்டிவிடுவார். பின் சீட்டில் கிளிப்பச்சை ஜிகினாவுக்குள் உட்கார்ந்து மஞ்சுளா மருந்து அளவுகளை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். யானையைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அந்தப் பெண் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. இந்தத் தாயும் மகளும் எதனால் செய்யப்பட்டவர்கள் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது கேட். வாசலில் சோதனை செய்த அம்மா மஞ்சுளாவின் துப்பட்டாவைப் பார்த்து, "கல்யாண வீட்டுல இருந்து வரியாம்மா?" என்று கேட்டதும், மஞ்சுளா "ஆமாங்க மேடம்" என்று சொல்லி உள்ளே ஓடியதும் எங்களுக்குக் கேட்டது.

கேட் மூடியபிறகு மாமியார் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"திரும்பிப் போறதுக்கு இந்தத் துணி தாங்குமா, தாங்காதா? நீ சொல்லு அம்மாயி. எனக்குத் தெரியாது."

பாதி பாட்டில் விளக்கெண்ணெய்க்குப் பிறகும் என்னிடம் கேட்கிறார். "தாங்காதுங்க அத்தை. வேற வாங்கணும்" என்றேன்.

ஞாயிறு திறந்திருந்த ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பாய் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்றில் பளபளவென்று துணி ஃபில்டர், இன்னொன்றில் காகிதம். "ஆஃப் ரோடு போற பசங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்க. கழுவிக்கலாம், எண்ணெய் போட்டுக்கலாம்" என்று துணியைத் தள்ளினார். எண்ணெய் என்ற சொல்லுக்கு மாமியாரின் புருவம் மட்டும் உயர்ந்தது. அவர் பாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேப்பர் குடுங்க பாய்" என்றேன். "ரெண்டா குடுங்க."

துணி ஃபில்டரை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். சொன்னபடி கேட்கிறவர்களிடம் அது நன்றாகவே உழைக்கிறது. காகிதத்திடம் ஒரு நல்ல குணம் உண்டு, என்னைப் போன்றவர்களின் பக்தியை அது தன்மேல் காட்ட விடுவதில்லை. நிறைந்ததும் போய்விடுகிறது.

மஞ்சுளா இப்போது அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆயுத பூஜைக்கு மறக்காமல் லீவு போட்டுவிட்டு வருவாள். வந்ததும் முதல் வேலை, சமையலறையில் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடி எடுத்து ஒளித்து வைப்பது. ஊரில் மாமியார் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார். "எங்க மருமவ அன்னைக்கு எண்ணெய் ஊத்தலைன்னா, மேட்டு மேல போயி நேரா யானை மேலயே முட்டியிருப்போம். அவளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குது" என்பார். இதில் எவ்வளவு கிண்டல், எவ்வளவு உண்மை என்று என்னால் இதுவரை எடை போட முடியவில்லை.

அந்தத் துப்பட்டாவைப் பத்துத் தடவைக்கு மேல் துவைத்தாயிற்று. நடுவில் ஒரு கறுப்பு வளையம் போகவே இல்லை. பூஜையன்று அதை மடித்து ஸ்பேனருக்கும் அரிவாளுக்கும் பக்கத்தில் வைப்பார்கள், அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

போன மாதம் என் மகளிடம் சாப்பிடும்போது போன் பார்க்காதே என்று அதட்டிக்கொண்டிருந்தேன். என் இடது கையில் போன் இருந்தது. அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. குறிப்புச் சீட்டை வாசிக்கிற குரலில், "அம்மா, எண் நாலு" என்றாள். அடுப்படியிலிருந்து மாமியார் சிரித்தார். பிறகு, கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடமும் வழக்கமாகிப்போன தெலுங்கில், போனை வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னார். நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன்.